கொஞ்சம் தெரியும்

பயண அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பதினான்கு வருஷமாக ஊருக்கெல்லாம் டிக்கெட் போடுகிறவனுக்கு, தானும் ஒருமுறை எங்கேயாவது போய்வரலாம் என்று தோன்றாதா? தோன்றும். தோன்றுகிற சமயம் பார்த்து யாராவது வந்து ஜன்னல் கம்பியில் விரலால் தட்டி, "ரெண்டு டிக்கெட், ஓரத்து சீட்டாப் பார்த்துப் போடுங்க" என்பார்கள். அவன் குனிந்துவிடுவான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே ஜன்னல் என்று ஆகிவிட்டிருந்தது. "ஜன்னல் இன்னிக்கு வரலையா?" என்று யாராவது கேட்டால், புதிதாகச் சேர்ந்தவர்கள் சுவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவனுடைய அக்கா கல்யாணமாகி வேறொரு நகரத்துக்குப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவளை அவன் நேரில் பார்க்கவில்லை. "ஊரையெல்லாம் அனுப்பி வைக்கிற நீ, உனக்கு ஒரு டிக்கெட் போட்டுக்க முடியலையாடா?" என்று ஒவ்வொரு போனிலும் கேட்பாள். "அடுத்த மாசம் கட்டாயம் வர்றேன்க்கா" என்பான். பதினொரு வருஷமாக அந்த அடுத்த மாசம் வரவில்லை.

போன மாதம் அக்கா வேறு குரலில் பேசினாள். அத்தானுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்து அவர் முன்னாலேயே போய்விட்டார். வீட்டைக் காலி பண்ணிவிட்டு அவளும் கப்பலேறப் போகிறாள். "டிக்கெட்டை நீயே போட்டுடு. உன் கையெழுத்தாவது என்கூட வரட்டும்" என்றாள். போட்டான். வெள்ளிக்கிழமை, நாலு மணிக் கப்பல், மேல்தளம், ஓரத்து சீட்டு. மூன்று மணிக்குத் துறைமுக வாசலை அடைத்துவிடுவார்கள் என்ற வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டான். திரும்பும் தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு அதில் ஒரு கோடு போட்டான்.

அந்தக் கோடு அவனைப் படுத்தி எடுத்தது. நல்லவேளையாக முதலாளிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அக்கா இருக்கும் அதே நகரத்தில், அதே வாரத்தில், ஒரு பயண மாநாடு. செவ்வாயில் தொடங்கி வெள்ளியில் முடிகிறது. முதலாளி போகவேண்டியது.

"நீ போயேன்யா" என்றார் முதலாளி, நாற்காலியில் கோணலாக உட்கார்ந்தபடி. "பத்து நிமிஷப் பேச்சு. எழுதி வச்சிருக்கேன். படிச்சுட்டு வந்துடு."

பேச்சின் தலைப்பு, 'தடையில்லாப் பயணம்'. மாநாட்டின் தலைப்பும் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலடியில் மாநாட்டு வேன் காத்திருந்தது. ஜன்னல்களில் கெட்டித் திரை. ஒரு ஓரத்தை விலக்கப் போனவனை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "திரையில கை வைக்காதீங்க சார். அறிமுகத்துக்கு முன்னால பார்த்துட்டா, அப்புறம் அறிமுகம் ஒட்டாது."

மாநாடு நடக்கிற கட்டிடத்துக்குள் போக வேண்டுமானால் முதலில் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போக வேண்டும். அதன் பெயர் நகர அறிமுக மன்றம். வருகிற விருந்தினர்கள் நகரத்தை அறிந்துகொண்ட பிறகே மாநாட்டில் உட்கார வேண்டும் என்பது விதி. விதி நல்ல விதிதான். விருந்தாளி வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் நேரே போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்?

வரவேற்பு மேசையில் ஓர் அறிமுக அலுவலர் இருந்தார். எந்த வாக்கியத்தையும் "வாங்க, வாங்க" என்று தொடங்குவார். அதனால் விருந்தினர்களுக்குள் அவருக்கு வாங்கவாங்க என்று பெயர்.

"வாங்க, வாங்க! பயணம் சௌகரியமா? எங்க நகரம் உங்களுக்குத் தெரியுமா?"

இந்த இடத்தில் ஜன்னலின் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவனுடைய அப்பா ஒரு கிடங்கில் எழுத்தராக இருந்தவர். பிள்ளைகள் இருவருக்கும் அவர் விட்டுப்போன சொத்து ஒரே ஒரு பதில். "முழுசாத் தெரியும்னு சொன்னா வேலை உன் தலையில விழும். தெரியாதுன்னு சொன்னா உன் தலையில குட்டுவான். எதைக் கேட்டாலும் 'கொஞ்சம் தெரியும்'னு சொல்லு. எவனும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது." அக்காவிடம் அத்தான் சமைக்கத் தெரியுமா என்று கேட்டபோது, நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைக்கக்கூடிய அவள், கொஞ்சம் தெரியும் என்றாள். வேலைக்குச் சேர்ந்த அன்று டிக்கெட் போடத் தெரியுமா என்று முதலாளி கேட்டதற்கு, டிக்கெட்டின் நிறம்கூடத் தெரியாத இவனும் அதையே சொன்னான். இருவருக்குமே இதுவரை கெடுதல் வந்ததில்லை.

"கொஞ்சம் தெரியும்" என்றான் ஜன்னல்.

வாங்கவாங்கவின் சிரிப்பு கடை ஷட்டர் மாதிரி இறங்கியது. முன்னால் இருந்த இரண்டு தாள்களையும் ஓரமாகத் தள்ளினார். மேசைக்கு அடியிலிருந்து மூன்றாவதாக ஒரு தாளை எடுத்தார். அது பழுப்பு நிறத்தில் இருந்தது.

"எவ்வளவு கொஞ்சம்?"

"சும்மா... பேர் தெரியும். எங்க அக்கா இங்கதான் இருக்காங்க. இங்கிருந்து ரெண்டு தெரு தள்ளி."

"ஓகோ. உள்ளூர்த் தொடர்பும் இருக்கு." அதையும் எழுதிக்கொண்டார். "வாங்க, வாங்க, நான் விளக்கிடறேன். தெரியாதவங்களுக்கு அரை மணி நேரப் படம். பார்த்துட்டு நேரா மாநாட்டுக்குப் போயிடலாம். தெரிஞ்சவங்களுக்கு அதுவும் வேணாம். கொஞ்சம் தெரிஞ்சவங்கதான் சிக்கல். காலிப் பாத்திரம்னா நாங்க ஊத்தி நிரப்பிடுவோம். நிறைஞ்ச பாத்திரத்துல எங்களுக்கு வேலையில்ல. நீங்க பாதி. அந்தப் பாதியில என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. அதை முதல்ல கீழ கொட்டணும்."

"கொட்ட எவ்வளவு நேரமாகும்?"

"அது உங்க கையிலதான் இருக்கு" என்றார் வாங்கவாங்க. அப்போது அவன் கையில் இருந்தவை ஒரு பெட்டியும் ஒரு போனும். இரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். போனில் நகரத்தின் வரைபடம் இருக்கும். வரைபடத்தில் மன்றம் அனுமதிக்காத தெருக்களும் இருக்கும்.

இரண்டாம் மாடியில் ஓர் அறை. பலகையில் 'பகுதி அறிமுகம் பெற்றோர்' என்று எழுதியிருந்தது. யாரோ அதன் கீழே பென்சிலால் 'அரைகுறைகள்' என்று எழுதி, வேறு யாரோ அதை அழிக்கப் பார்த்துப் பாதி அழித்திருந்தார்கள். உள்ளே பெஞ்சுகள், ஏழெட்டுப் பேர். நான்கு ஜன்னல்கள். நான்கின் கண்ணாடியிலும் மேலிருந்து கீழ்வரை பெரிய வண்ணப்படங்களை ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் ஆறு, ஒன்றில் பாலம், ஒன்றில் துறைமுகம், தெருப் பக்கத்து ஜன்னலில் மணிக்கூண்டு.

"ஜன்னலைத் திறக்கலாமா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டான்.

"திறந்தா என்ன தெரியப்போகுது? இதேதான் தெரியும். எதுக்கு வீண் சிரமம்?" என்றார் வாங்கவாங்க.

கடைசி பெஞ்சில் வழுக்கைத் தலையர் ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பெட்டி செய்து விற்கிறவர். சக்கரம் வைத்த பெட்டிகள்.

"எந்த மாநாடு தம்பி?" என்றார்.

"பயண மாநாடுங்க."

"அது சரி. எந்த வருஷம்?"

ஜன்னல் சிரித்தான். பெட்டிக்காரர் சிரிக்கவில்லை. "நான் போன மாநாட்டுக்கு வந்தவன். அடுத்த மாநாடு எப்போன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். உன்னைப் பார்த்ததும்தான் தெரிஞ்சுது, ஆரம்பிச்சாச்சுன்னு."

சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. மாநாடு ஆரம்பித்துத்தான் விட்டிருந்தது.

மத்தியானம், நகரத்தின் மாதிரி வடிவத்தைக் காட்டினார்கள். ஒரு பெரிய மேசையில் தெர்மாகோலில் செய்த நகரம். கட்டிடங்கள், மரங்கள், தீப்பெட்டியளவு பேருந்துகள். ஒரு ஓரத்தை எலி கடித்திருந்தது. "ஆஸ்பத்திரி இருந்த இடம். இப்போதைக்கு இந்த மாத்திரை டப்பாவை ஆஸ்பத்திரியா நினைச்சுக்கணும்" என்றார் வாங்கவாங்க, கையிலிருந்த குச்சியால் தொட்டுக்காட்டி. எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் சரியாக நினைக்கவில்லை என்று திரும்ப நினைக்கச் சொன்னார்கள்.

ஜன்னல் அந்த மேசையில் அக்காவின் தெருவைத் தேடினான். மணிக்கூண்டுத் தெரு, தையல் மெஷின் கடைக்கு மேல் மாடி. தெரு இருக்கவேண்டிய இடத்தில் பச்சைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இங்க ஒரு தெரு இருக்கணுமே."

"அது பூங்கா."

"அங்க எங்க அக்கா வீடு..."

"பூங்காவுல எப்படிங்க வீடு இருக்கும்?" வாங்கவாங்க வருத்தத்தோடு பழுப்புத் தாளில் ஒரு வரி எழுதினார். "பாருங்க, இதைத்தான் சொன்னேன். கொட்ட வேண்டியது நிறைய இருக்கு."

புதன்கிழமை செய்முறைப் பயிற்சி. கூடத்துத் தரைவிரிப்பில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டுச் சாலையைக் கடக்கச் சொன்னார்கள். மன்றத்தின் கணக்காளர் வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு பேருந்தாக ஓடிவந்தார். பெட்டிக்காரரை இடித்துவிட்டு, "பயணி கவனக்குறைவு" என்று தானே சான்று சொன்னார். பிறகு அதே கணக்காளர் உள்ளூர்வாசியாக நின்றார். அவரிடம் வழி கேட்க வேண்டும். ஜன்னலின் முறை வந்தது.

"ஐயா, வெளியே போக வழி எது?"

"இந்தக் கேள்வி பாடத்துல இல்லையே" என்றார் உள்ளூர்வாசி. "ஆற்றுக்கு வழி கேளுங்க. எனக்கு ஆறுதான் கொடுத்திருக்காங்க."

அன்று மாலையே ஜன்னல் வரவேற்பு மேசைக்கு இறங்கிவந்து, தான் சொன்னது தவறு என்றும் நகரம் தனக்கு அடியோடு தெரியாது என்றும் சொல்லிப் பார்த்தான்.

"நேத்து தெரிஞ்சது இன்னிக்குத் தெரியலையா? அது மறதி. மறதிக்கு வேற படிவம். டாக்டர் கையெழுத்து வேணும்."

"டாக்டர் எங்க இருக்கார்?"

"ஆஸ்பத்திரியில."

ஜன்னலுக்கு மாத்திரை டப்பா ஞாபகம் வந்தது. "சரி சார், எனக்கு மாநாடே வேணாம். விலகிக்கறேன். எங்க அக்காவைப் பார்த்துட்டு அப்படியே ஊருக்குப் போயிடறேன். வெள்ளிக்கிழமை அவங்க கப்பல் ஏறிடுவாங்க. அப்புறம் எப்போ பார்ப்பேனோ தெரியாது."

"விலகறதா? வாங்க, வாங்க, உட்காருங்க. மாநாட்டுல சேராதவர் மாநாட்டுல இருந்து எப்படி விலகுவார்? முதல்ல சேரணும். சேர அறிமுகச் சீட்டு வேணும், நாளைக்குப் பரீட்சையில பாஸானாத்தான் அது கிடைக்கும். அது இல்லாம வெளியே விட்டா, முன்னப்பின்ன தெரியாத ஊர்ல நீங்க தொலைஞ்சு போயிட மாட்டீங்களா? எங்க நகரத்துக்கு வந்த ஒரு விருந்தாளி இதுவரைக்கும் தொலைஞ்சதில்ல. அந்தப் பேரை உங்களுக்காகக் கெடுத்துக்க முடியுமா?"

அவர் குரலில் துளி கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் இவனும் கோபப்பட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் அறையைக் கூட்ட ஓர் அம்மா வந்தாள். நீல மேலங்கி, கையில் துடைப்பம், தோளில் இன்னொரு துடைப்பம். பெஞ்சுக்கடியில் கூட்டும்போது ஜன்னல் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, நீங்க தினமும் வெளியே போயிட்டு வர்றீங்களா?"

"பின்ன இங்கயேவா குடியிருக்கேன்?"

"உங்களை நகரம் தெரியுமான்னு கேக்கலையா?"

"என்னை யார் கேக்கறாங்க? கூட்டியாச்சான்னுதான் கேப்பாங்க."

சட்டைப்பையிலிருந்த பேச்சின் கடைசித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அவசரமாக எழுதினான். *அக்கா, உன் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி அறிமுக மன்றத்தில் இருக்கிறேன். வெளியே விட மாட்டேன் என்கிறார்கள். இன்றைக்குப் பரீட்சை. பாஸ் பண்ணிவிட்டு வந்துவிடுகிறேன்.* மேலே முகவரி. அம்மா அதைப் படித்துப் பார்க்காமலே மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பரீட்சைக்கு முன்னால் மன்றத்தின் இயக்குநர் வந்து பேசினார். வெள்ளை வேட்டியைப் போல மடிப்புக் கலையாத மனிதர். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் பேசினார்.

"நண்பர்களே, இந்த நகரத்தை என்னைவிட யாருக்குத் தெரியும்? முப்பது வருஷமா இதைப் பத்தி மட்டுமே பேசறேன். ஒரு நாளும் நான் போய்ப் பார்த்ததில்ல. ஏன்? பார்த்தா ஒருதலைப்பட்சமா ஆயிடுவேன். இந்தத் தெரு நல்லாருக்கு, அந்தத் தெரு நாறுதுன்னு தோணிடும். வீட்டுல இருந்து இங்க வர்ற கார்லயும் திரை போட்டிருக்கேன். என் மனைவி கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்து ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா, நான் காதைப் பொத்திக்குவேன். அப்படிக் காப்பாத்தின அறிவு இது." கண்ணைத் திறந்து எல்லாரையும் கனிவோடு பார்த்தார். "மத்த நகரங்கள்ல என்ன பண்றாங்க? விருந்தாளி கையில ஒரு புத்தகத்தைக் கொடுத்துத் தெருவுல விட்டுடறாங்க. அவன் நேரா போய் நகரத்தைப் பார்த்துடறான்! படத்துல இருந்த ஆறு எங்கன்னு கேக்கறான். புகார் எழுதறான். எங்க மன்றம் தொடங்கின நாள்ல இருந்து இந்த நகரத்தைப் பத்தி ஒரு விருந்தாளி, ஒரே ஒரு விருந்தாளி, ஒரு புகார் கொடுத்ததுண்டா? இல்ல. ஏன்னு யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாருக்கோ கைதட்டல் கிளம்பியது. இயக்குநர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

பரீட்சை வாய்மொழியாக நடந்தது. ஜன்னல் முந்தின ராத்திரி முழுதும் உருப்போட்டிருந்தான். பதினான்கு வருஷம் நேர அட்டவணை மனப்பாடம் பண்ணிய தலை.

"மணிக்கூண்டில் மணி என்ன?"

"பத்து பத்து." படத்தில் அதுதான் இருந்தது.

"எப்போது?"

"எப்போதும்."

"ஆற்றில் தண்ணீர்?"

"உண்டு."

"மக்கள்?"

"சிரித்த முகத்தினர்."

வாங்கவாங்கவுக்கே வாயெல்லாம் பல்லாகிவிட்டது. பெட்டிக்காரர் கடைசி பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தார். ஒரே கேள்விதான் மிச்சம்.

"இந்த நகரத்தைப் பார்க்க உங்களுக்கு ஆசை இருக்கா?"

ஜன்னல் அக்காவை நினைத்துக்கொண்டான். "ரொம்ப இருக்குங்க" என்றான்.

பெட்டிக்காரர், "அடடா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"பார்க்கணும்னு ஆசை இருக்குன்னா, இன்னும் எதுவோ பாக்கி இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் வாங்கவாங்க, மனசு நொந்து. "அறிமுகம் முடிஞ்சவருக்கு ஆசை எப்படி வரும்? அடுத்த பரீட்சை திங்கட்கிழமை."

"ஆசை இல்லன்னு சொல்லியிருந்தா?"

"எங்க நகரத்தைப் பார்க்க ஆசை இல்லன்னு எங்க முகத்துக்கு நேராச் சொல்வீங்களா?" அவர் உண்மையிலேயே திடுக்கிட்டார்.

மாலையில் கூட்டுகிற அம்மா பதில் கொண்டுவந்தாள். அவன் அனுப்பிய தாளிலேயே, பேச்சின் கடைசிப் பத்தியின் மேல் குறுக்காக அக்காவின் கையெழுத்து. *டேய், மாநாட்டுக்கு வந்தியா, மாட்டிக்கொள்ள வந்தியா? பரீட்சையும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம். நாளைக்குச் சாமானை எல்லாம் கப்பலுக்கு அனுப்பிவிட்டு நானே வந்து உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறேன்.*

படித்ததும் அவனுக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அடுத்த நொடி அந்தக் 'கொஞ்சம் தெரியும்' ஞாபகம் வந்தது. அக்காவும் அப்பாவின் மகள்தான்.

"அம்மா, ஒரு சேதி சொல்லணும். முழுசாத் தெரியும்னு சொல்லச் சொல்லுங்க. இல்ல தெரியாதுன்னு சொல்லச் சொல்லுங்க. நடுவுல மட்டும்..."

"நாளைக்கு மத்தியானம்தான் எனக்கு ஷிஃப்டு. வர்ற வழியில அவங்க வீடு பூட்டியிருந்தா நான் பொறுப்பில்ல" என்றாள் அம்மா.

வீடு பூட்டித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு மாடிப்படியின் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. பதினொரு வருஷமாகப் போனில் மட்டும் கேட்ட குரல். நேரில் அது இன்னும் சத்தமாக இருந்தது.

"எங்கங்க என் தம்பி? அவனைக் கூட்டிக்கிட்டுப் போறேன். எனக்கு நேரமில்ல."

"வாங்க, வாங்க! எங்க நகரம் உங்களுக்குத் தெரியுமா?"

ஜன்னல் படிக்கட்டுக்கு ஓடினான். காவலாளி குறுக்கே நின்றார். அவர் தோளுக்கு மேலாகக் கத்தினான். "அக்கா! முழுசாத் தெரியும்னு சொல்லு! அக்கா!"

"இருடா, பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றாள் அக்கா அண்ணாந்து பார்த்து. பிறகு மரியாதையாக அலுவலர் பக்கம் திரும்பினாள். "இங்கதாங்க பதினொரு வருஷமா இருக்கேன். ஏதோ, கொஞ்சம் தெரியும்."

மேசைக்கு அடியிலிருந்து பழுப்புத் தாள் வெளியே வந்தது.

உள்ளூர்க்காரர்களுக்கு நேரடித் தேர்வு என்று ஒரு சலுகை உண்டு. அங்கேயே நிற்க வைத்துக் கேட்டார்கள்.

"மணிக்கூண்டில் மணி என்ன?"

"மணிக்கூண்டா? அதை இடிச்சு நாலு வருஷமாச்சே."

"ஆற்றில் தண்ணீர்?"

"லாரி நிறுத்தியிருக்காங்க."

"மக்கள்?"

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?" என்று அக்கா முறைத்தாள். டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்து, சிவப்பு மை அடிக்கோட்டின் மேல் விரலால் தட்டினாள். "மூணு மணிக்கு வாசலை அடைச்சுடுவாங்க. தம்பியை அனுப்புங்க. வழியனுப்ப எனக்கு வேற யாரும் இல்ல."

வாங்கவாங்க டிக்கெட்டை ஆர்வத்தோடு பார்த்தார். "பயணம் போறவங்களா? அப்போ நீங்களும் நம்ம பயணத் துறைதான்! உங்களைப் போய் இந்த நிலைமையில வெளியே அனுப்பலாமா? பதினொரு வருஷமாத் தப்பாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. இதையே போற நாட்டுலயும் சொல்வீங்க. வாங்க, வாங்க, மேல வாங்க."

அப்படித்தான் அக்காவும் தம்பியும் பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். முடி கொட்டிப்போனதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினாள்.

"நரைச்சுட்டியேக்கா."

"நீ மட்டும் என்ன? நம்மப்பா மாதிரியே இருக்கே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஏன்டா, திரும்பும் தேதியில ஒரு கோடு போட்டிருக்கே?"

"எழுத ஒண்ணும் இல்லையேக்கா."

"சும்மா விட்டிருந்தா நானே எதையாவது எழுதிக்கிட்டிருப்பேன்ல? இப்போ கோட்டுக்கு மேல எப்படி எழுதறது?"

அவனுக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்சம்கூடத் தெரியவில்லை.

பெட்டிக்காரர் எழுந்துவந்து தன் மேல்துண்டால் பெஞ்சைத் துடைத்து, "நல்லா உட்காரும்மா" என்றார். "நிறைய நாள் இருக்கு."

"எனக்கு ஒரு மணி நேரம்தாங்க இருக்கு" என்றாள் அக்கா. அவர் இரக்கத்தோடு தலையாட்டினார். அவரும் வந்த அன்று அப்படித்தான் சொன்னாராம்.

மணி இரண்டேகால். கூட்டுகிற அம்மா உள்ளே வந்தாள். அக்காவைப் பார்த்து நின்றாள். டிக்கெட்டைப் பார்த்தாள். தோளிலிருந்த உபரித் துடைப்பத்தை இறக்கி நீட்டினாள்.

"இதைப் பிடி. மேலங்கி ஒண்ணு கூடுதலா இருக்கு, மாட்டிக்கோ. என் பின்னால கூட்டிக்கிட்டே வா. துடைப்பம் வச்சிருக்கறவளை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"இவன்?" என்றாள் அக்கா.

"ஆம்பளை கையில துடைப்பத்தைப் பார்த்தா கட்டிடமே எழுந்து நின்னு வேடிக்கை பார்க்கும். ஒருத்திதான் வரலாம்."

"அப்போ எனக்கும் வேணாம். எத்தனை வருஷம் கழிச்சுப் பார்க்கறேன். கப்பல் போனாப் போகட்டும், அடுத்த மாசம் போயிக்கறேன்."

அடுத்த மாசம். பதினொரு வருஷமாக ஜன்னல் சொல்லிவந்த அதே சொல். ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி இரு அக்கா என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. கடைசி பெஞ்சைப் பார்த்தான். பெட்டிக்காரர் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்திருந்தார்.

"நான் போட்ட டிக்கெட்டுக்கா அது" என்றான். "பதினாலு வருஷத்துல நான் போட்ட டிக்கெட்டுல ஒருத்தரும் வண்டியைத் தவறவிட்டதில்ல. நீ போய் என் பேரைக் கெடுக்காதே."

"உன் வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே மேலங்கியை மாட்டினாள். தலையிலிருந்து ஒரு ஊசியை உருவி அவன் கையில் வைத்து அழுத்தினாள். "அந்த மணிக்கூண்டுப் படத்தோட ஓரத்தைச் சுரண்டு. கீழ தெருதான். நின்னு ஒரு தடவை உன்னைப் பார்த்துட்டுப் போறேன்."

அவன் படிக்கட்டின் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா குனிந்து கூட்டிக்கொண்டே இறங்கினாள். வரவேற்பு மேசைக்கு வந்தாள். முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட வாங்கவாங்க, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அக்கா அவர் காலுக்கடியில் சுத்தமாகக் கூட்டினாள். எதையும் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பிறகு குப்பையைத் தள்ளிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனாள்.

ஜன்னல் அறைக்கு ஓடினான். ஊசியால் படத்தின் ஓரத்தைக் கீறினான். பசை கெட்டிப்பட்டிருந்தது. மணிக்கூண்டின் அடிவாரத்தில் ஒரு துணுக்கு உரிந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கண்ணாடி வெளிப்பட்டது. கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தான்.

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. படத்தில் இல்லாத தெரு. படத்தில் இல்லாத ஒரு நாய். கம்பியில் காயும் யாருடைய சட்டையோ. மணிக்கூண்டு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, வெறும் வானம். நடுத்தெருவில் நீல மேலங்கியோடு ஒருத்தி அண்ணாந்து நின்று, எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலுக்கும் சேர்த்துத் துடைப்பத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவனும் கையை ஆட்டினான். ஒரு ரூபாய் ஓட்டை வழியாகக் கை அவளுக்குத் தெரியாது என்பது ஞாபகம் வந்த பிறகும் ஆட்டினான். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் துறைமுகத்தின் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். திரும்பினாள். மறுபடி ஓடினாள்.

பெட்டிக்காரர் படுத்த இடத்திலிருந்தே தலையை மட்டும் தூக்கினார்.

"தம்பி... நகரம் தெரியுதா?"

"கொஞ்சம் தெரியுதுங்க" என்றான் ஜன்னல், கண்ணை எடுக்காமல்.

அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ பேனா மூடியைத் திறந்தார்கள்.